தலையில் இரண்டு கோடு

பறவை பேசினால் மனிதருக்கும் மனிதர் பேசினால் பறவைக்கும் புரிந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், பட்டைத்தலை வாத்துக்குத் தலையில் பட்டையே கிடையாது. வெள்ளை வெளேரென்று இருக்கும். அதன் ஊர் வடக்கே பனிமலைக்கு அப்பால். கார்த்திகையில் கூட்டமாக ஆலங்கரை ஏரிக்கு வந்து இறங்கும். பங்குனியில் திரும்பிப் போகும்.

அந்த ஏரியின் மடையைத் திறக்கவும் மூடவும் உரிமை ஒச்சாயி ஒருத்திக்குத்தான். வாய்த்துடுக்குக்காரி, ஆனால் வாத்துகள் என்றால் உயிர். ஆலங்கரை அப்போது நகரமாகிக்கொண்டிருந்தது. கடை கட்ட இடம் போதவில்லை. ஊர்த் தலைவர் சாத்தப்பன் வருஷா வருஷம் வந்து, "மடையைத் திறந்து விடு ஒச்சாயி. தண்ணி வடிஞ்சா ஏரியைத் தூர்த்துத் தெரு போட்டுடலாம்" என்று கேட்பார்.

"வாத்துங்க போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கு. வர்றேன்னு சொன்னவங்க வீட்டை யாராவது இடிப்பாங்களா? போய் வேலையைப் பாருங்க" என்பாள். சாத்தப்பனும் திரும்பிப் போய்விடுவார். அந்தச் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை.

ஒரு வருஷம், கூட்டத்தை நடத்தி வந்த கிழட்டு வாத்து செத்துப்போனது. அதன் மகள் வெண்ணி தலைவியானாள். பறப்பதில் கெட்டிக்காரி. நம் பக்கத்துப் பழக்கவழக்கம்தான் தெரியாது. பங்குனியில் கிளம்பும்போது மடைமேல் வந்து நின்று, "அக்கா, நாங்க போறோம்" என்றாள்.

ஒச்சாயிக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம்மில் யார் அப்படிச் சொல்வார்கள்? பக்கத்துத் தெருவுக்குப் போகிறவர்கூடச் சொல்ல மாட்டார். "என்னடி சொன்னே?" என்றாள். சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "போறோம்!" என்று இன்னும் சத்தமாகச் சொல்லிவிட்டு வெண்ணி பறந்துவிட்டாள். போனால் வருவதுதானே, அதை வேறு தனியாகச் சொல்ல வேண்டுமா என்பது அவள் ஊர்க் கணக்கு.

ஒச்சாயிக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் சாத்தப்பன் வந்தார். "அவங்களே வேண்டாம்னு போயிட்டாங்க, எனக்கு என்ன வந்துச்சு?" என்று வீம்பாக மடையைத் திறந்துவிட்டாள்.

கார்த்திகைக்குள் ஏரியில் பாதி தெருவாகிவிட்டது. தீபத்தன்று பொழுது சாய்ந்ததும் புதுத் தெரு முழுக்க, வாசலிலும் மதிலிலும் விளக்கு வைத்தார்கள். அந்த நேரம் பார்த்து வெண்ணி கூட்டத்தோடு வந்தாள். அவள் பின்னால், அந்த வருஷம் பொரித்த அவள் மகன். மலை தாண்டி வந்த களைப்பு எல்லோருக்கும். மேலேயிருந்து பார்த்தால், ஏரி இருந்த இடத்தில் மினுமினுவென்று ஏதோ தெரிந்தது. "தண்ணிதான், இறங்குங்க" என்றாள் வெண்ணி.

தண்ணீரில் இறங்குகிற வேகத்தில் கல் பாவிய தெருவில் இறங்கினால் என்ன ஆகும்? பலதுக்குக் கால் ஒடிந்தது. வெண்ணியின் மகன் எழுந்திருக்கவே இல்லை.

ஒச்சாயி ஓடி வந்தாள். "அடிப்பாவி, போறோம்னு சொல்லிட்டு ஏன்டி வந்தே?"

"போனாத்தானே அக்கா வர முடியும்?" என்றாள் வெண்ணி.

ஒச்சாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாமே நான்!" என்றாள். பிறகு எழுந்து ஒவ்வொரு விளக்காக ஊதி அணைத்துக்கொண்டே போனாள். யாரும் தடுக்கவில்லை. தெருவின் மறுகோடியிலிருந்து சாத்தப்பனும் அணைத்துக்கொண்டு வந்தார். "மிச்ச ஏரியில ஒரு கூடை மண்ணு விழாது, நீ மடையை மூடு" என்றார்.

அந்த மீதிப் பாதியில் தேங்கிய மழைத் தண்ணீரில் வாத்துகள் தங்கிக் கால் தேறின. பங்குனி வந்தது. ஒச்சாயி அந்த விளக்குகளின் திரிக்கரியை எடுத்து வைத்திருந்தாள். வெண்ணியை மடியில் உட்காரவைத்துப் பின்தலையில் இரண்டு கோடு இழுத்தாள். "உனக்கு மறந்துபோகும். இந்தக் கோடு 'போயிட்டு'. இந்தக் கோடு 'வர்றேன்'. சொல்லு, வருவியாடி?"

வெண்ணிக்கு முழுசாகச் சொல்ல வரவில்லை. மகன் கிடந்த தெருவின் மேலே ஒரு சுற்றுச் சுற்றி, "ஆங்... ஆங்..." என்றபடியே வடக்கே போனாள்.

அந்தக் கரி பிறகு அழியவில்லை, வெண்ணியின் கூட்டத்துக்கே அந்தக் கோடு வந்துவிட்டது. வாத்துக் குஞ்சு முதல் வருஷம் கோடு இல்லாமல்தான் வரும். அது இன்னும் யாரிடமும் விடைபெற்றதில்லை. ஆலங்கரையில் ஏரியைப் பார்த்த வாசலில் கார்த்திகை விளக்கு வைக்காமலிருப்பதும், கேட்க ஒச்சாயி இல்லாவிட்டாலும் பட்டைத்தலை வாத்து "ஆங், ஆங்" என்று பதில் சொல்லிக்கொண்டே கிளம்புவதும் அன்றைக்குப் பிறகு வந்ததுதான்.