செவலையின் கழுத்து மணி

முன்னொரு காலத்தில், மழை பொய்த்துப்போன ஒரு வருஷத்தில், ஓர் அரசர் ஆறு நாளாகச் சிரிக்கவில்லை. அரசர் சிரிக்காவிட்டால் அரண்மனையில் வேறு யாருக்கும் சிரிக்க அனுமதி கிடையாது. சமையல்காரர்கள்கூடச் சத்தம் வராமல் தாளித்தார்களாம். இவ்வளவுக்கும் காரணம் ஒரு நாய்.

செவலை என்று அதற்குப் பெயர். குட்டைக் கால், முரட்டு ரோமம், செம்மண் நிறம். பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. ஆனால் புதருக்குள் மூக்கை நுழைத்துவிட்டால், உள்ளே ஒளிந்திருப்பது முயலோ பன்றியோ, கிளப்பி வெளியே விரட்டாமல் விடாது. வேட்டை முடிந்ததும் அரசரின் பாதத்தில் தலையை வைத்துத் தூங்கும். அரசருக்குப் பிள்ளை இல்லை. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

காரைக்காட்டு வேட்டையில் அந்தச் செவலை செத்துப்போயிற்று. புதருக்குள் போனது, ஒரு தடவை கத்தியது, அவ்வளவுதான். முதல் ஆளாக உள்ளே ஓடிய தளவாய் வீரமல்லர் ரத்தக் கையோடு வெளியே வந்தார். “பன்றி குத்திவிட்டது மகாராஜா! நாய்க்காரன் சன்னாசி சரியாகப் பழக்காததால் வந்த வினை” என்றார். அரசர் அழுதுகொண்டே, செவலையைப் புதைத்து முடித்ததும் சன்னாசியைச் சிறையில் தள்ளச் சொன்னார். அமாவாசை கழிந்த மறுநாள் அவன் தலை போக வேண்டும் என்று உத்தரவாயிற்று.

சபையில் உலகப்பன் என்றொரு விகடன் இருந்தான். அரசரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. அவன்மேல் அரசர் வைத்திருந்த பிரியத்தைப் பார்த்துத் தளவாய்க்கு எப்போதும் வயிற்றெரிச்சல். உலகப்பன் ஒரு மத்தியான வேளையில் சிறைக்குப் போய்ச் சன்னாசியின் எதிரே உட்கார்ந்தான்.

“என்ன நடந்துச்சு அண்ணே? எங்கிட்டயாவது சொல்லுங்க.”

சன்னாசி இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஓர் அம்பு முனையை எடுத்து நீட்டினான். அதில் சூரிய முத்திரை இருந்தது. அந்த முத்திரை போட்ட அம்பு நாட்டிலேயே ஒருவரிடம்தான் உண்டு.

“குழி வெட்டிப் பொதைக்கயில உடம்புக்குள்ள கெடந்துச்சு ஐயா. பன்னி குத்துனா கிழிஞ்சிருக்கும். இது ஒத்த ஓட்டை. ராசா வேட்டையில மொத அம்பு ராசாதான விடணும்? யாராச்சும் முந்திருவாகளோன்னு அவசரப்பட்டு, பொதரு அசைஞ்சதுமே விட்டுட்டாக. தளவாய் உள்ள ஓடி அம்பப் பிடுங்குனாரு. முனை உள்ளயே ஒடிஞ்சு நின்னுபோச்சு.”

“செவலை கழுத்துல மணி இருக்குமே. அது எங்க நிக்குதுன்னு சத்தத்துலயே தெரியுமே?”

“மணி கட்டுனா ராச வேட்டைக்கு லச்சணமா இல்லைன்னு தளவாய் சொன்னாரு. ராசாவும் கழட்டச் சொல்லிட்டாக.”

“இதச் சபையில ஏன் சொல்லல?”

“புள்ளையா வளத்தாக ஐயா. உங்க கையாலயே போச்சுன்னு அவுக மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது? எனக்கு வாய் வரல.”

உலகப்பன் முனையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு எழுந்தான்.

மறுநாள் சபையில் சன்னாசிக்காக அவன் மன்றாடினான். தளவாய் இதற்காகவே காத்திருந்தவர்போல முன்னே வந்தார்.

“மகாராஜா, உலகப்பனுக்கு நாய்களைப் பற்றி அவ்வளவு தெரியுமானால், அமாவாசையன்று அதே புதருக்குள் ஒரு நாயை அனுப்பட்டும். அது பன்றியைக் கிளப்பிவிட்டு ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் திரும்பினால் சன்னாசியை விட்டுவிடலாம். திரும்பாவிட்டால் இரண்டு தலையாக வாங்கிக்கொள்ளலாம்.”

“அப்படியே ஆகட்டும்” என்றார் அரசர். அவர் குரலில் உயிரே இல்லை.

“ஒரே ஒரு விண்ணப்பம் மகாராஜா” என்றான் உலகப்பன். “நாயைக் காயப்படுத்தக்கூடியது எதுவானாலும் வேட்டைக் களத்திலிருந்து அதை அகற்ற அடியேனுக்கு அதிகாரம் வேண்டும்.”

“எதுவானாலும் அகற்று. தடுப்பவன் எனக்குப் பகைவன்.”

நாய் பொறுக்கும் நாளில் தளவாய் பன்னிரண்டு நாய்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். எல்லாம் நெடிய கால்களும் மெல்லிய தோலும் தங்கப்பட்டையுமாக மினுமினுத்தன. உலகப்பன் ஒரு பன்றித் தோலைக் கயிற்றில் கட்டி முள்புதருக்குள் இழுக்கச் சொன்னான். நாலு நாய்கள் முள் பட்டதும் அழுதுகொண்டு திரும்பின. மற்ற எட்டும் பாய்ந்து தோலைக் கவ்வின. சீட்டி அடித்தான், ஒன்றும் விடவில்லை.

சன்னாசி அவனிடம் சொல்லி அனுப்பியிருந்தது இதுதான்: “பன்னியக் கடிக்கிற நாயி வேணாம், அது செத்துரும். தள்ளி நின்னு கொரைக்கிற நாயி வேணும். சீட்டி கேட்டா ஆசைய விட்டுட்டுத் திரும்பணும்.”

கடைசியில் மடைப்பள்ளிக் கொல்லையில் கிடந்த ஒரு கறுப்பு நாயைப் பிடித்து வந்தான். ஒரு காது அறுந்திருந்ததால் அதை மூளி என்பார்கள். மூளி புதருக்குள் புகுந்தது, தோலை நெருங்காமல் சுற்றிச் சுற்றிக் குரைத்தது, முதல் சீட்டிக்கே ஓடி வந்து காலடியில் உட்கார்ந்தது. அதைப் போய் ராஜ வேட்டைக்கு அழைத்துப் போவதா என்று சபையோருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க அனுமதி இல்லாததால் எல்லாரும் இருமினார்கள்.

அமாவாசை காலையில் காரைக்காடு காய்ந்து கிடந்தது. அரசர் வில்லோடு நின்றார். உலகப்பன் ஒரு பிரம்புக்கூடையோடு வந்தான்.

தளவாயின் ஆட்கள் மூளிக்கு மாட்டியிருந்த தங்கப்பட்டையைக் கழற்றிக் கூடையில் போட்டான். “முள்ளில் மாட்டினால் கழுத்தை இறுக்கும்” என்றான். புதர் ஓரத்தைச் சுற்றி வந்து, யாரோ முயலுக்கு வைத்திருந்த இரண்டு சுருக்குக் கண்ணிகளை அறுத்துக் கூடையில் போட்டான். பிறகு மூளியின் கழுத்தில், இழுத்தால் அறுந்துபோகும் மெல்லிய நூலில் ஒரு மணியைக் கட்டினான்.

“மணியா?” என்று சீறினார் தளவாய்.

“மணி நாயைக் காயப்படுத்தாது தளவாயே.”

பிறகு அரசர் முன்னால் வந்து மண்டியிட்டான். மடியிலிருந்து அம்பு முனையை எடுத்துக் கூடையில் கண்ணிகளுக்கு நடுவே வைத்தான். இரண்டு கைகளையும் ஏந்தினான்.

“இன்னும் ஒன்றுதான் பாக்கி மகாராஜா. வில்லைக் கொடுங்கள்.”

“ராஜத் துரோகம்!” என்று கத்திக்கொண்டு தளவாய் வாளை உருவினார். அரசர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. அவர் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டை முடிந்ததும் அரசரின் அம்புகளைப் பொறுக்கி எண்ணி அம்பறாத்தூணியில் வைப்பது அங்கே வழக்கம். செவலை செத்த அன்று ஓர் அம்பு திரும்பவில்லை. காட்டில் தொலைந்துவிட்டது என்று சொன்னவர் தளவாய்தான்.

“இது எங்கே இருந்தது?” என்றார் அரசர்.

உலகப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

அரசர் முனையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு வில்லை உலகப்பன் கையில் தாமே வைத்தார். “எல்லாரும் ஆயுதங்களைக் கீழே போடுங்கள்” என்றார்.

காற்று முகத்தில் அடிக்கும் திசை பார்த்து உலகப்பன் மூளியை விட்டான். மணிச் சத்தம் புதருக்குள் இங்கும் அங்கும் நகர்ந்தது. குரைப்பு கேட்டது. சட்டென்று காரை முள்ளைப் பிளந்துகொண்டு ஒரு கிழட்டுப் பன்றி, நேராகத் தளவாயை நோக்கி வந்தது. கையில் வாள் இல்லாத தளவாய் பக்கத்திலிருந்த வேலமரத்தில் ஏறினார். பன்றி அவரைச் சட்டை செய்யாமல் ஓடிப்போயிற்று. அவரோ முள்ளில் வேட்டி மாட்டி, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் தொங்கினார். உலகப்பன் சீட்டி அடிக்க, மூளி வாலை ஆட்டிக்கொண்டு வந்து நின்றது.

அரசர் மண்ணில் உட்கார்ந்து அதன் வயிறு, கால், காது எல்லாம் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் தாடியில் வழிந்தது. அதில் எது சிரிப்பின் கண்ணீர், எது செவலைக்கு என்று யாருக்கும் தெரியவில்லை.

“தளவாயே, அடுத்த வேட்டையிலிருந்து நாய்களோடு புதருக்குள் போகும் வேலை உமக்குத்தான். உம் கழுத்தில் மணி வேண்டுமா வேண்டாமா என்று அப்போது சொல்லும்.”

உலகப்பன் தோளில் தம் பட்டு மேலாடையைப் போர்த்தினார். சன்னாசியை அங்கேயே அழைத்துவரச் செய்தார். “ஏன் என்னிடம் சொல்லவில்லை?” என்று கேட்டார்.

சன்னாசியின் இடுப்பு முடிச்சில் இன்னொன்று இருந்தது. செவலையின் மணி. அதை அவிழ்த்து அரசர் கையில் வைத்தான்.

அரசர் அந்த மணியை, நாணை இழுத்தால் ஒலிக்கும்படி, தம் வில்லின் நுனியில் கட்டிக்கொண்டார். பிறகு எந்த வேட்டையிலும், மிருகம் முழுசாக வெளியே வந்து கண்ணுக்குத் தெரியும்வரை, அந்த மணி ஒலித்ததில்லை.