வேப்பிலை சொருகாத அண்டா

ஒரு ஊர்ல ஒரு அண்டா இருந்துச்சாம்.

சிரிக்காதே. ராஜா எல்லாம் இல்லை, அண்டாதான். நீ உள்ளே இறங்கி உட்கார்ந்தா தலைகூட வெளியே தெரியாது, அவ்வளவு பெரிசு. வருஷம் பூராவும் கோயில் அறையில கவுந்து தூங்கும். அம்மன் கொடைத் திருவிழா வந்தா மட்டும் நாலு பேர் சேர்ந்து உருட்டிட்டு வருவாங்க. கடகட, கடகடன்னு. ஊருக்கே அதுலதான் சாம்பார். "ம்" சொல்லு.

"ம்."

அந்த ஊர்ல பிச்சம்மான்னு ஒருத்தி. அவ மக ஆவுடை. உன் வயசுதான், எட்டு. கொடைச் சமையலுக்கு எப்பவும் வெளியூர்லருந்துதான் ஆள் வரும். அந்த வருஷம்தான் முதல் தடவையா ஊர்ப் பெரியவர் தளவாய், பிச்சம்மா வீட்டுக்கு வெத்தலை பாக்கு அனுப்பினார். வெத்தலை பாக்கு வந்தா சமையல் உனக்குன்னு அர்த்தம். சாப்பாடு சரியில்லைன்னா மறு வருஷம் வராது. பிச்சம்மா அந்த வெத்தலையை வாடிப்போற வரைக்கும் சாமி படத்துக்கிட்டயே வச்சிருந்தா.

அப்புறம், அங்கே ஒரு வழக்கம். அம்மனுக்குப் படையல் போடறதுக்கு முன்னால யாரும் ருசி பார்க்கக் கூடாது. சமைக்கிறவ நாக்குலகூட ஒரு சொட்டு படக் கூடாது.

"அப்போ உப்பு சரியான்னு எப்படித் தெரியும் சித்தி?"

அதுக்குத்தான் வர்றேன். உப்பு கைக்கணக்கு. பெரிய அண்டாவுக்கு ஏழு கை. போட்ட உடனே அண்டா வளையத்துல ஒரு வேப்பிலைக் கொத்தைச் சொருகிடணும். இலை இருந்தா உப்பு போட்டாச்சு. இலை இல்லைன்னா போடலை. இலை சொருகற வேலை ஆவுடைக்கு.

சாம்பார் கொதிக்குது. கொதகொத, கொதகொத. பிச்சம்மா ஏழு கை உப்பு போட்டா. "ஏட்டி, இலை"ன்னு சொல்லிட்டு ரசத்தைப் பார்க்கப் போயிட்டா. அப்போ பார்த்து கோயில் வாசல்ல ராட்டினம் சுத்த ஆரம்பிச்சுது. கிறீச்... கிறீச்... செவப்பு மரக்குதிரை ஒண்ணு மேல போகுது, கீழ வருது. ஆவுடை வாயைப் பொளந்துட்டு நிக்கிறா. இலை கையிலயே இருக்கு.

பிச்சம்மா திரும்பி வந்தா. வளையத்துல இலை இல்லை. அத்தனை அடுப்புப் புகையில அவளுக்கும் குழப்பம்.

"ஏட்டி, இதுக்கு உப்பு போட்டேனா?"

போட்டாச்சுன்னு சொன்னா, அப்போ இலை எங்கேன்னு கேட்பா. ஆவுடை இலையைப் பாவாடைக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டா.

"போடலைம்மா."

சர்ர்... சர்ர்... இன்னொரு ஏழு கை விழுந்துச்சு. இப்போ ஆவுடை இலையைச் சொருகினா.

"ம்... அய்யோ."

கேளு. படையலுக்கு முன்னால மூணு தடவை மணி அடிப்பாங்க. மூணாவது மணிக்குப் படையல் கிளம்பிடும். அப்புறம் எதையும் மாத்த முடியாது.

டங்... முதல் மணி. ஆவுடை அம்மாகிட்டப் போய் நின்னா. பிச்சம்மா அவ தலையைத் தடவி, "பசிக்குதாட்டி? இன்னும் கொஞ்ச நேரம்தான்"னா. அவ்வளவுதான், ஆவுடை சொல்லாமலே திரும்பிப் போயிட்டா.

டங்... ரெண்டாவது மணி. தளவாய் துண்டை உதறிட்டு வந்தார். "என்ன பிச்சம்மா, எல்லாம் சரியா?" பிச்சம்மா, "என் மக பக்கத்துலயே நின்னா ஐயா, தப்பு வராது"ன்னா. ஆவுடை அம்மா முந்தானைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டா.

அப்புறம் மணிக்காரர் மூணாவது தடவை கயித்தைப் பிடிச்சார். ஆவுடை தடதடன்னு ஓடினா. ஓடிப்போய்க் கயித்துலயே தொங்கிட்டா.

"அடிக்காதீங்க மாமா. சாம்பார்ல உப்பு ரெண்டு தடவை விழுந்துடுச்சு. உப்பு போட்டேனான்னு அம்மா கேட்டாங்க, போடலைன்னு நான் பொய் சொல்லிட்டேன்."

அப்புறம் பின்னாலருந்து ஒரு அத்தை, "காலையிலருந்து பல்லுல பச்சைத்தண்ணி படலை. இதைச் சொல்ல இப்பத்தான் நேரம் கிடைச்சுதாக்கும்"னா. இன்னொருத்தர், "சின்னப்பிள்ளை உளறுது, நீ மணியை அடிய்யா"ன்னார்.

தளவாய் பிச்சம்மாவைப் பார்த்தார். "ருசி பார்க்க வழியில்லை. இவ அப்போ ஒண்ணு சொன்னா, இப்போ ஒண்ணு சொல்றா. எதை நம்பறது? நீ சொல்லு."

"ஆமா, பிள்ளை உளறுது"ன்னு சொல்லிட்டா அந்த நிமிஷம் தப்பிச்சிடலாம். பிச்சம்மா ஆவுடை முகத்தைப் பார்த்தா. அவ கையில கயித்துத் தடம் செவந்து கிடந்துச்சு.

"இப்போ சொல்றதுதான் ஐயா நிஜம். ரெண்டு தடவை போட்டது என் கைதான்."

"வெத்தலை பாக்கு போச்சா சித்தி?"

பொறு. உப்பு ரெண்டு மடங்குன்னா, என்ன பண்ணணும்? சாம்பாரையும் ரெண்டு மடங்கு ஆக்கணும். ஆனா கோயில்ல பருப்பும் இல்லை, காயும் இல்லை. ஊரே முணுமுணுன்னு வீட்டுக்கு ஓடுச்சு. ஒருத்தர் பூசணிக்காய், ஒருத்தர் முருங்கைக்காய், ஒருத்தர் முறம் நிறையப் பருப்பு. அந்த அத்தை இருக்காளே, "எங்க வீட்டுச் சுரைக்காயை மூணு நாளா ஒருத்தரும் தொடலை, அம்மனாவது சாப்பிடட்டும்"னு ஒரு சுரைக்காயைத் தூக்கிட்டு வந்தா. உப்பே போடாம இன்னொரு அண்டா கொதிச்சுது. ரெண்டையும் கலந்தாங்க. மூணாவது மணி அடிக்கும்போது வெயில் சாய்ஞ்சிடுச்சு. குழந்தைங்க எல்லாம் ஒரே அழுகை.

அப்புறம் பந்தி. உன்னைவிடச் சின்னவளா நானும் அதுல உட்கார்ந்திருந்தேன். சோத்து நடுவுல குழி பண்ணினாலும் சாம்பார் இலை ஓரத்துக்கு ஓடும், கையால அணை கட்டணும். ஒரு வாய்ல பூசணி, மறு வாய்ல சுரைக்காய். அதுக்கப்புறம் எத்தனையோ இடத்துல சாப்பிட்டாச்சு. அந்த ருசி வரலை.

தளவாய் மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டார். நல்லாயிருக்குன்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. கையைக் கழுவிட்டுப் போயிட்டார்.

ஆவுடை ஒரு வருஷம் பூரா வாசலைப் பார்த்துட்டே இருந்தா. அடுத்த கொடை வந்துச்சு. வெத்தலை பாக்கும் வந்துச்சு.

"ம்..."

அன்னிக்கு அண்டா கொதிக்கும்போது ஆவுடை வேப்பிலையைக் கையில எடுத்தா. பிச்சம்மா அதை வாங்கிக்கிட்டு, உப்புச் சட்டியை அவ கையில கொடுத்தா. "இன்னிக்கு நீ உப்பு போடு, நான் இலை சொருகறேன்."

"போன வருஷம் நான்தானேம்மா கெடுத்தேன்?"

"ஆமா. ருசி பார்க்க முடியாத சாம்பாருட்டி இது. தப்பு பண்ணினா வந்து சொல்ற கைதான் இதுக்கு வேணும்."

ஆவுடை போட்டா. ஒண்ணு... ரெண்டு... மூணு... சின்னக் கை இல்லையா, அதனால ஏழு பத்தாது. பதினாலு.

என்ன, "ம்" வரலியே? சரி. பந்தி எழுந்தாச்சு, அண்டாவைக் கழுவிக் கவுத்தாச்சு. நீயும் கவுந்து படு கண்ணு.