எலிப்பாஸுக்குக் கிடைத்த பதில்

உப்பளத்தில் கூலி வேலை செய்யும் ஞானப்பூவின் ஒரே மகன் கிணற்றில் தவறி விழுந்து செத்துப்போனான். பிள்ளை கோயில் வாசலில் கிடக்கிறான், சாவு மணி அடிக்கவில்லை. சபை மூப்பர் ஆசீர்வாதம் அடிக்க விடவில்லை.

“குற்றமில்லாமல் அழிஞ்சவன் உண்டான்னு வேதத்திலேயே இருக்கு. நீ செஞ்ச பாவத்தை எல்லார் முன்னாலயும் சொல்லு. அதுவரைக்கும் மணியும் கிடையாது, கல்லறையில் இடமும் கிடையாது.”

ஞானப்பூ முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “இருக்குதுதான் ஐயா. யார் யாருக்குச் சொன்னது அது?”

“பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவுக்கு, அவன் சிநேகிதன் எலிப்பாஸ் சொன்னது.”

“கடைசியில் கர்த்தர் அந்த எலிப்பாஸுக்கு என்ன சொன்னார்? எனக்கு எழுத்துத் தெரியாது. நீங்களே வாசிங்க.”

சபையே பார்த்துக்கொண்டிருந்தது. மூப்பர் புரட்டி வாசித்தார். வாசிக்க வாசிக்கக் குரல் இறங்கியது. நீ பேசியது சரியில்லை, உன்மேல் எனக்குக் கோபம், யோபுவிடம் போ, அவன் உனக்காக ஜெபம் பண்ணுவான் என்று இருந்தது.

“பண்றேன் ஐயா,” என்றாள் ஞானப்பூ. “பிள்ளையை அடக்கம் பண்ணிட்டு வந்து உங்களுக்காகப் பண்றேன். இப்ப ஜெபம் வரல.”

யாரும் சிரிக்கவில்லை. மூப்பரே போய்க் கயிற்றை இழுத்தார். ஞாயிறுதோறும் அந்தச் சத்தத்துக்கு முதல் ஆளாக ஓடுகிற பிள்ளை அன்று எழுந்திருக்கவில்லை.