நடுக்கம் யாருடையது?

தூத்துக்குடித் துறையில் ‘கடல்தாரகை’ என்று ஒரு பழைய பாய்த்தோணி இருந்தது. காற்று கிடைக்காத நாட்களுக்காக அதன் வயிற்றில் ஒரு டீசல் எஞ்சினைப் பூட்டியிருந்தார்கள். எஞ்சின் நான்கு ரப்பர் கட்டைகளின்மேல் கால் ஊன்றி நின்றது. அதன் பின்னாலிருந்து ஒரு நீண்ட இரும்புத் தண்டு புறப்பட்டு, பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே போய், தண்ணீருக்குள் ஒரு பித்தளை விசிறியைச் சுழற்றியது.

அந்த அறையில் எஞ்சின் வைத்ததுதான் சட்டம். “தாங்க முடியாதவன் இப்போதே சொல்லட்டும். கழற்றிக் கடலில் போட்டுவிடுவார்கள்” என்று அடிக்கடி உறுமும். வெறும் மிரட்டல் அல்ல. பழைய பம்பு ஒருநாள் “மூச்சு முட்டுகிறது” என்று முனகியது. மறுநாள் அது அங்கே இல்லை. அதன் இடத்துக்கு வந்த புதுப் பம்பு வாயே திறப்பதில்லை.

மேலே கஸ்பார். அவர்தான் தோணியின் தலைவர். தண்டல் என்று கூப்பிடுவார்கள். கடலைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் யாராவது குறை சொன்னால் அவருக்கு ஆகாது. முன்பிருந்த எஞ்சின் டிரைவர் “இந்தத் தடவை போக வேண்டாம், தண்டல்” என்றதற்கு, அவருடைய துணிமூட்டையைத் துறைமேடையில் வீசிவிட்டு, அவரை விட்டுவிட்டுத் தோணியை எடுத்தவர். அந்த ஆளுக்குப் பதிலாக வந்தவர்தான் இஞ்ஞாசி.

கூரை ஓடும் வெங்காயமுமாக ஒரு பாரம் ஏற்றிக்கொண்டு கடல்தாரகை தொலைவிலிருந்த ஒரு தீவுக்குப் புறப்பட்டது. கரை மறைந்தபிறகு காற்று விழுந்தது. பாய்கள் ஈரத் துணிபோலத் தொங்கின. கஸ்பார் எஞ்சினை ஓடவிடச் சொன்னார்.

ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் தோணி நடுங்கத் தொடங்கியது.

முதலில் சமையல் அடுப்பின்மேல் இருந்த மூடி மட்டும் கிலுகிலுத்தது. பிறகு பாய்மரத்தின் அடி அதிர்ந்தது. பிறகு நிற்பவர்களின் பல் கிடுகிடுத்தது. சமையல்காரர் தொபியாஸ் கொதிக்கும் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மாதாவை வேண்டிக்கொண்டிருந்தார்.

கீழே பொருள்களுக்குள் கிலி பரவியது.

“யார் நடுங்குவது?” என்று எஞ்சின் அதட்டியது.

“நான் இல்லை” என்றது தண்டு. “வெளியே தண்ணீருக்குள் விசிறி என்ன செய்கிறதோ, யார் கண்டது?”

“ஐயோ, என்மேல் பழி போடாதே!” விசிறியின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. “நான் ஒழுங்காகத்தான் சுற்றுகிறேன். நீதான் வளைந்துவிட்டாய்.”

“நானா வளைந்தேன்? நாக்கை அடக்கு!”

ரப்பர் கட்டைகள் நான்கும் இந்தச் சண்டையில் சேரவில்லை. அவற்றில் இடப்பக்கத்து முன்கட்டை மற்றவற்றைவிடத் தாழ்ந்திருந்தது. பக்கத்துக் கட்டை மெல்லக் கேட்டது: “உனக்கு ஏதாவது செய்கிறதா?”

“ஒன்றுமில்லை. நன்றாகத்தான் இருக்கிறேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கொள்.”

அதே சமயம், அடிப்பலகைகளின் இடுக்கில் அடைத்திருந்த பஞ்சு அதிர்வில் இழை இழையாகக் கழன்றது. கடல் உள்ளே விரல் நுழைத்துப் பார்த்தது.

தண்ணீரை முதலில் கண்டவர் இஞ்ஞாசி. ஓட்டு அடுக்குகளின் அடியில் அது கறுப்பாக ஏறிக்கொண்டிருந்தது. அவர் ஏணியில் ஓடி மேலே வந்தார்.

“தண்டல்! தண்ணி ஏறுது.”

“பம்பு போடும் வே!”

“போட்டாச்சு. பம்பு இறைக்கிறதைவிட வேகமா ஏறுது. எஞ்சினு ஆட்டுற ஆட்டத்துல பலகை இடுக்கு விடுது.”

“அப்போ எஞ்சினை நிறுத்தும்!”

“நிறுத்தினா பம்பும் நின்னுரும், தண்டல். எஞ்சினு பெல்ட்டுலதான அது ஓடுது.”

கஸ்பார் கீழே எட்டிப் பார்த்தார். ஓடினால் பலகை பிளக்கும். நின்றால் தண்ணீர் நிறையும். ஓடு பாரம் ஏற்றிய தோணி மிதந்து மிதந்து மூழ்காது. கல்லைப் போலப் போய்விடும். தென்கிழக்கே கடலும் வானமும் ஒட்டும் இடத்தில் மேகம் சுருண்டு கறுத்துக்கொண்டிருந்தது.

“நிறுத்தும்” என்றார் கடைசியில். “எல்லாரும் வாளி எடுங்கல! வாளியால இறைங்க. நீர் என்னன்னு பாரும், இஞ்ஞாசி. நானும் வாறேன்.”

ஆட்கள் வரிசையாக நின்று வாளி மாற்றினார்கள். இஞ்ஞாசி நிறுத்துவதற்கு முன் ஒன்று செய்து பார்த்தார்: கியரை எடுத்துத் தண்டைச் சுழலாமல் விட்டு, எஞ்சினை மட்டும் ஓடவிட்டார். நடுக்கம் பெருமளவு அடங்கியது.

“கேட்டீர்களா? நான் சுத்தம்!” என்று எஞ்சின் முழங்கியது. “குற்றவாளி பின்னால் இருக்கிறான்!” அதன் குரலில் நிம்மதிதான் அதிகம் இருந்தது.

எஞ்சின் நின்றது. பம்பும் நின்றது. தண்ணீர் ஏறும் சத்தம் இப்போது தெளிவாகக் கேட்டது.

இஞ்ஞாசி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கடலில் குதித்தார். விசிறியில் வலை சுற்றியிருக்கிறதா, இலை ஒடிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். விசிறி மூச்சை அடக்கிக்கொண்டு அவர் விரல்களுக்குள் கிடந்தது. ஒரு கீறலும் இல்லை.

நனைந்த உடம்போடு உள்ளே வந்து, தண்டும் எஞ்சினும் சேரும் இடத்தின் போல்டுகளைக் கழற்றினார். தண்டைக் கையால் சுற்றினார். அது நேராகச் சுழன்றது. “பார்த்தாயா? நான் வளையவில்லை” என்று தண்டு அழாத குறையாகச் சொன்னது.

“பெறவு என்னதான் வே?” கஸ்பார் முழங்கால் தண்ணீரில் நின்றார். அவர் குரல் உடைந்திருந்தது. அதை ஆட்கள் யாரும் அதற்குமுன் கேட்டதில்லை.

இஞ்ஞாசி விளக்கைக் கிட்டத்தில் பிடித்தார். தண்டின் முகமும் எஞ்சினின் முகமும் ஒன்றோடொன்று படியவில்லை. அடியில் ஒட்டியிருந்தது, மேலே நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

“எஞ்சினு மூக்கு குத்தி நிக்கிது, தண்டல். முன்னால எங்கேயோ இறங்கியிருக்கு.”

கையை எஞ்சினின் அடியில் விட்டு ஒவ்வொரு கட்டையாகத் தொட்டார். இடப்பக்கத்து முன்கட்டையை அழுத்தினார். அது சேறுபோல உதிர்ந்து அவர் உள்ளங்கையோடு வந்தது.

அறையே அதைப் பார்த்தது.

“நீயா?” என்று எஞ்சின் அலறியது. “எத்தனை நாளாக?”

“மழைக்காலத்திலிருந்தே” என்றது கட்டை. அதில் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது. “உங்களிடமிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டே இருந்தது. என்மேல்தான் விழுந்தது. ஊறிப்போனேன்.”

“ஏன் சொல்லவில்லை?”

“பம்பு சொன்னதே.”

எஞ்சின் பழைய பம்பு இருந்த இடத்தைப் பார்த்தது.

இஞ்ஞாசி தன் கையிலிருந்த கறுப்புச் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கஸ்பார் கேட்டார்: “இது இன்னிக்கு வந்த கோளாறு இல்லையே?”

“இல்ல.”

“உமக்கு எப்போ தெரியும்?”

“இன்னதுன்னு தெரியாது. ஆட்டம் இருக்குன்னு தெரியும். கரையில ஓட்டிப் பாக்கும்போதே தெரிஞ்சுது.”

“ஏன் வே சொல்லல?”

“எனக்கு முன்னால இருந்தவரு சொன்னாரே, தண்டல்.”

கஸ்பாரின் கை ஓங்கியது. ஆட்கள் வாளியோடு அப்படியே நின்றார்கள். ஓங்கிய கை எஞ்சினின் சூடான தகட்டைப் பிடித்துக்கொண்டது. பிடித்த கை சுட்டிருக்க வேண்டும், அவர் எடுக்கவில்லை.

“இப்போ என்ன செய்யணும், சொல்லும்” என்றார்.

கடப்பாரையைக் கொடுத்து எஞ்சினின் முன்காலை நெம்பித் தூக்கினார்கள். கஸ்பார் தோளைக் கொடுத்துத் தாங்கினார். வேலமரக் கட்டை ஒன்றைச் செதுக்கி, உதிர்ந்த இடத்தில் செருகி, இரண்டு முகமும் படிகிறவரை கொஞ்சம் கொஞ்சமாக அடித்து ஏற்றினார் இஞ்ஞாசி. போல்டுகளை முறுக்கினார். குந்தியிருந்த அவர் மார்புக்குத் தண்ணீர் வந்திருந்தது. எஞ்சின் மூழ்க இன்னும் சாண் அளவுதான் மிச்சம்.

சாவியைத் திருகினார். எஞ்சின் இருமியது, மறுபடி இருமியது, ஓடியது. நடுக்கம் இல்லை. புதுப் பம்பு தண்ணீரை அள்ளி வெளியே துப்பத் தொடங்கியது. பலகை இடுக்குகளில் ஆட்கள் பஞ்சும் கொழுப்பும் வைத்துத் திணித்தார்கள். தண்ணீர் மெல்ல இறங்கியது.

எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கஸ்பார் மட்டும் அடித்தட்டிலேயே நின்றார். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

“இன்னும் வேற என்ன இருக்கு?” என்று கேட்டார். “எனக்குச் சொல்லாதது.”

அவர் காத்திருந்தார். மேகம் நெருங்கிக்கொண்டிருந்தது, அப்படியும் காத்திருந்தார்.

தொபியாஸ்தான் முதலில் பேசினார். “பெரிய பாயி கட்டுற கயிறு நைஞ்சுபோச்சு, தண்டல். பலத்த காத்து அடிச்சா நிக்காது.”

“சுக்கான் கீல்ல ஒரு ஆணி இல்ல” என்றார் இன்னொருவர், தலையைக் குனிந்துகொண்டு.

எஞ்சின் அறையில் எஞ்சினும் அதையே கேட்டது. இந்தத் தடவை உறுமாமல் கேட்டது. நெடுநேரம் கழித்து அடிப்பலகை ஒன்று, யாரும் இதுவரை பேசிக் கேட்டிராத பலகை, சொல்லியது: “என் நடுவில் ஒரு விரிசல் ஓடுகிறது. போன வருடத்திலிருந்து.”

கஸ்பார் ஏணியேறி மேலே வந்து சுக்கானைப் பிடித்தார்.

“கரைக்குத் திருப்புதேன்” என்றார்.

இஞ்ஞாசிக்குப் புரியவில்லை. “எதுக்கு தண்டல்? இப்பதான் ஒரு சத்தமும் இல்லையே.”

“இத்தனை வருசமும் சத்தம் இல்லன்னு நெனச்சுத்தான் வே ஓட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.”