தூதனுக்கு மூன்று நாள் விருந்து

அமைச்சர் திருமேனி காலில் செருப்போடு மடத்துக்குள் வந்துவிட்டார். ஆறு வருஷமாக உமையாள் அம்மையின் சீடர் அவர். ஒருநாளும் அப்படி வந்ததில்லை.

அம்மை அவரைவிட இருபது வயது இளையவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். திருமேனியின் கையில் ஓர் ஓலைக்கட்டு இருந்தது.

“தாயே, ஒன்பது பேர் கூடி யோசித்தோம். எல்லோரும் படித்தவர்கள். எப்படி இப்படி ஒரு முடிவெடுத்தோம்?”

உட்காரச் சொல்லி, நடந்ததைக் கேட்டார் அம்மை.

அக்கரை நாட்டுத் தூதன் வந்து இன்றோடு மூன்று நாள். எந்தத் தூதன் வந்தாலும் மூன்று நாள் விருந்து வைத்த பிறகே ராஜா ஓலையைப் பிரிப்பார். அதுவரை தூதன் சேதியை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. இரண்டு நாட்டுக்கும் அதுதான் வழக்கம். இவன் மட்டும் அவசரம் என்று இரண்டு முறை வந்து நின்றானாம். இலையில் பாயசம் விழுந்தால் அவசரம் அடங்கிவிடும் என்று சேனாதிபதி கேலி செய்தாராம்.

பந்தியில் அவன் எல்லோரையும் விட்டுத் தள்ளி உட்கார்ந்தான். வெற்றிலைத் தட்டைத் தொடவில்லை. ராஜா கை நீட்டியபோது பின்னால் நகர்ந்து கும்பிட்டான். எவ்வளவு திமிர் என்று சபையில் பேச்சு எழுந்தது. ஆற்றை மறிக்கப் போகிறார்கள், அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறான் என்றார் ஒருவர். நேற்றுச் சாயங்காலத்துக்குள் ஒன்பது பேரும் அதையே சொன்னார்கள். நாமே முந்திக்கொண்டு படையெடுப்பது என்று முடிவானது.

ஓலை பிரிப்பது இன்று மதியம். படை கிளம்ப நல்ல நேரமோ இன்று காலை. அந்த நேரத்தை விட யாருக்கும் மனமில்லை. படை போய்விட்டது. திருமேனியின் ஒரே மகன் நல்லானும் அதில் போனான்.

“மதியம் ஓலையைப் பிரித்தோம், தாயே.” திருமேனி கட்டைத் தரையில் வைத்தார். “‘எங்கள் கரையோர ஊர்களில் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் காய்ச்சல். தினமும் சாகிறார்கள். உங்கள் ஜனங்களை இந்தப் பக்கம் விடாதீர்கள்.’ இதுதான் சேதி. அவன் தள்ளி உட்கார்ந்தது நமக்காக.”

அம்மையின் கையிலிருந்த கீரை கீழே விழுந்தது. கண்ணை மூடி ஈஸ்வரனை நினைத்தார்.

“இந்த மூன்று நாளில் அவனிடம் நீங்கள் என்ன கேட்டீர்கள்?”

யோசிக்க யோசிக்கத் திருமேனியின் முகம் வெளுத்தது.

“உப்பு போதுமா என்று கேட்டேன்.”

“வேறு?”

“வேறு ஒன்றும் கேட்கவில்லை.”

திரும்பி வரச் சொல்லி ராஜா ஆள் விட்டிருக்கிறார், ஆனால் படை இந்நேரம் அக்கரை ஏறியிருக்கும் என்றார். மகன் இனி இல்லை என்றார். தனக்குப் பதவியும் வேண்டாம், வீடும் வேண்டாம், இந்த நிமிஷமே காவி கொடுங்கள் என்று தரையில் விழுந்தார்.

அம்மை ஓலைக்கட்டை எடுத்துப் பார்த்தார். மூன்று ஓலைகள். முதல் ஓலை மட்டும் பிரிந்திருந்தது. மற்ற இரண்டின் மேலும் சுற்றிய நூல் அப்படியே இருந்தது.

“முதல் ஓலையைக் கேட்டதுமே சபை எழுந்துவிட்டது,” என்றார் திருமேனி.

அம்மை கட்டை அவர் கையிலேயே திருப்பி வைத்தார்.

“மற்ற இரண்டில் என்ன எழுதியிருக்கிறது, ஐயா?”

திருமேனியின் விரல்கள் நூலின் முடிச்சைத் தேடின.