காற்றை அடுக்கிய ரோபோ

உர ஆலை மேனேஜர் தணிகாசலம் பந்தாப் பேர்வழி. "ரோபோ மூட்டை மூட்டையா அடுக்கித் தள்ளுது" என்று முதலாளியிடம் போனில் கதை அளந்துவிட்டார். பார்க்க ஆசைப்பட்டு முதலாளியே வந்து இறங்கிவிட்டார். மூட்டையைக் கொண்டுவரும் பெல்ட்டே இன்னும் மாட்டவில்லை!

"இப்பவே ஓட்டு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே!" என்று பயிற்சிக்கு வந்திருந்த செண்பகவல்லியை மேனேஜர் விரட்டினார்.

'மூட்டை வந்தாச்சு' என்று சென்சார் தரவேண்டிய சிக்னலை அவள் கம்ப்யூட்டரிலிருந்தே கொடுத்தாள். ரோபோ குனிந்தது. வெறுங்காற்றை அள்ளி, பச்சைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் பதமாக வைத்தது. அதன்மேல் இன்னொன்று, இன்னொன்று. கண்ணுக்குத் தெரியாத அடுக்கு ஆளுயரம் எழுந்தது. முதலாளி தன்னையறியாமல் ஒதுங்கி வழிவிட்டார்.

"அற்புதம்! ஆனா மூட்டை எங்கேம்மா?"

"மேனேஜர் சார் போன்ல சொன்ன மூட்டைங்கதான் சார். ஒண்ணு விடாம அடுக்கிடுச்சு."