அத்திமரத்து நடுநிலை

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம். குளக்கரையில் பெரிய அத்திமரம். மரத்தின் மேலே குரங்குகள் வாழ்ந்தன, கீழே புள்ளிமான்கள் மேய்ந்தன. இரண்டு கூட்டத்துக்கும் நெடுநாளாக ஓர் உடன்படிக்கை இருந்தது.

உயரத்தில் இருக்கும் குரங்குக்குத் தூரம் தெரியும். புதருக்குள் பதுங்கியிருப்பதை மான் மோப்பம் பிடிக்கும். எதிரியைக் கண்டால் குரங்கு கத்தும், மான்கள் ஓடும். மான் காலை ஓங்கித் தரையில் உதைத்தால், கீழே இறங்கிய குரங்குகள் மரமேறிவிடும். ஒரு காலத்தில் அவரவர் பாட்டை அவரவர் பார்த்துக்கொண்டு, மாறி மாறிச் செத்து, அதன்பிறகு புத்தி வந்து இரு தரப்பும் கூடிப் பேசிச் செய்த ஏற்பாடு அது. குரங்கு கத்தவில்லை என்றால் பயமில்லை என்று பொருள். அதை நம்பித்தான் மான்கள் தலைகுனிந்து மேய்ந்தன.

குரங்குகளின் தலைவன் கருமுகன். அதன் குரல் மலையில் மோதித் திரும்பும். அந்தக் குரலைப் பற்றி அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. மான்களை நடத்திச் சென்றது வெண்கழுத்தி என்ற பெண்மான். கருமுகனை அது எப்போதும் அண்ணே என்றுதான் கூப்பிடும்.

அந்தக் கோடையில் மலைக்கு அப்பாலிருந்து செந்நாய்க் கூட்டம் ஒன்று வந்து சேர்ந்தது. வேட்டைக்குப் போன போதெல்லாம் கருமுகன் கத்திக் காரியத்தைக் கெடுத்தது. பசியோடு திரும்பிய செந்நாய்கள் யோசித்தன. ஒரு பட்டப்பகலில், மான்கள் எதிர்க்கரையில் இருந்த நேரம் பார்த்து, செவலை என்ற செந்நாயைத் தூது அனுப்பின. பேச வந்தவனைத் தொடக்கூடாது என்பது அந்தக் காட்டு வழக்கம். செவலை வாலைத் தாழ்த்திக்கொண்டு அத்திமரத்தடியில் வந்து நின்றது.

“தலைவரே, எங்களுக்கு மரமேறத் தெரியாது. உங்க கூட்டத்துல யாரையாவது நாங்க தொட்டிருக்கோமா?”

“இல்லை” என்றது கருமுகன்.

“அப்புறம் ஏன் அடுத்தவன் சண்டைக்கு நீங்க தொண்டை கிழியக் கத்தணும்? பேசாம இருங்க, அது போதும். இல்லேன்னா இந்த மரத்தடியிலேயே நாங்க படுத்துக்குவோம். கோடை முழுக்க. தண்ணிக்கு எப்படி இறங்குறீங்கன்னு பார்ப்போம்.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னது. ஆனாலும் கருமுகன் கிளைகளில் இருந்த குட்டிகளைத் திரும்பிப் பார்த்தது. கூட்டத்தில் பால்குடிக் குட்டிகள் நிறைய. வேறெங்கும் தண்ணீர் இல்லை.

குரங்குகள் கூடிப் பேசின. சில குரங்குகள் வாக்கு வாக்குதான் என்றன. சில குரங்குகள் தாகத்தில் வாக்கைக் குடிக்க முடியுமா என்று கேட்டன. கடைசியில் ஒரு கிழட்டுக் குரங்கு, நமக்கு மானும் வேண்டியவர், நாயும் பகையில்லை, நடுநிலையாக இருந்துவிடலாமே என்றது. கருமுகன் அந்தச் சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டது. நடுநிலை! சொல்லிப் பார்க்கவே எவ்வளவு கௌரவமாக இருந்தது. பயம் என்று சொல்வதைவிட எவ்வளவோ மேல் அல்லவா?

அதன் மனைவி சாம்பி மட்டும், “மான்கள்கிட்ட சொல்லிட்டீங்களா?” என்று கேட்டது.

“சொன்னா வருத்தப்படுவாங்க. வீணா உறவு கெட்டுப்போகும்” என்றது கருமுகன்.

மறுநாள் வெயில் உச்சியில் இருந்தபோது, மான்கள் மரத்தடியில் மேய்ந்துகொண்டிருந்தன. உச்சிக்கிளையில் இருந்த கருமுகன் பார்த்தது. காய்ந்த புல்லுக்குள் செம்பட்டை முதுகுகள் நகர்ந்தன. காற்று எதிர்த் திசையில் வீசியதால் மான்களுக்கு வாடை எட்டவில்லை. சாம்பியும் பார்த்துவிட்டது. கத்த வாயைத் திறந்த சாம்பியின் வாயைக் கருமுகன் கையால் பொத்தியது.

அப்போது வெண்கழுத்திக்கு என்னவோ உறுத்தியது. மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கியது. புல்வெளியை அது பார்க்கவில்லை. அண்ணாந்து கருமுகனைப் பார்த்தது. கருமுகன் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. சரி, ஒன்றுமில்லை என்று வெண்கழுத்தி மறுபடி தலையைக் குனிந்துகொண்டது.

அடுத்த கணம் செந்நாய்கள் பாய்ந்தன. வெண்கழுத்தியின் தங்கையும், அந்தக் கோடையில் பிறந்த அதன் குட்டியும் தப்பவில்லை. கருமுகன் கண்ணை மூடிக்கொண்டது. காதை எப்படி மூடுவது என்று அதற்குத் தெரியவில்லை.

சாயங்காலம் வெண்கழுத்தி தனியாக மரத்தடிக்கு வந்தது. திட்டப்போகிறது என்று கருமுகன் கிளைக்குள் ஒடுங்கியது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“அண்ணே, உடம்புக்கு ஏதும் முடியலையா? உங்க சத்தம் வரலைன்னதும் பயந்துட்டேன்.”

கருமுகன் கீழே பார்க்காமல், “கண் அசந்துட்டேன்” என்றது.

“வெயில் அப்படி. யாருக்கும் வர்றதுதான்” என்று சொல்லிவிட்டு, வெண்கழுத்தி போய்விட்டது. அது போன பாதையைக் கருமுகன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது. சாம்பி அதன் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. குட்டிகள் எல்லாம் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு விளையாடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்க்கவும் கருமுகனுக்குக் கூசியது.

சில நாளில் செவலை மறுபடி வந்தது. இந்த முறை வாலைத் தாழ்த்தவில்லை. மான்கள் இப்போது மரத்தை விட்டுத் தள்ளியே மேய்கின்றன, கொஞ்சம் பழத்தை உதிர்த்து அவற்றை இங்கே வரவழையுங்கள் என்றது. கேட்ட மாதிரி இல்லை, வேலைக்காரனுக்குச் சொன்ன மாதிரி இருந்தது. போகும்போது, “அதான் நம்ம ஆளாயிட்டீங்களே” என்று சிரித்தது.

அந்தச் சிரிப்பில் கருமுகன் கூனிக்குறுகிப் போயிற்று. நடுவில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்த தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது அப்போதுதான் அதற்கு உறைத்தது. மலை அதிர ஒரு கத்துக் கத்தியது. புதருக்குள் காத்திருந்த செந்நாய்கள் பிடி கிடைக்காமல் பற்களைக் கடித்தன. மான்கள் ஓடிவிட்டன.

செந்நாய்கள் சொன்னபடி மரத்தடியில் வந்து படுத்தன. குரங்குகள் மேலே தாகத்தோடு காத்திருந்தன. ஆனால் படுத்துக் கிடந்தால் நாய்க்கு வயிறு நிறையுமா? மறுநாள் மாலைக்குள் பசி தாங்காமல் எழுந்து மலைக்கு அப்பாலேயே போய்விட்டன. இந்த மிரட்டலுக்கா, இந்த ஒரு நாள் தாகத்துக்கா ஒரு தாயையும் குட்டியையும் விலையாகக் கொடுத்தோம் என்று எண்ணிக் கருமுகன் வெட்கத்தால் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டது.

பிறகு மரத்தைவிட்டு இறங்கி, முதல் முறையாகத் தானே வெண்கழுத்தியைத் தேடிப் போனது.

“அன்னைக்கு நான் தூங்கலை. பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்.”

பக்கத்தில் நின்ற மான்கள் ஒவ்வொன்றாக நகர்ந்துபோயின. கடைசியில், “அன்னைக்கு நான் உன்னைத்தான் பார்த்தேன்” என்று மட்டும் வெண்கழுத்தி சொன்னது. அண்ணே என்று சொல்லவில்லை.

தண்ணீர் வேண்டுமே, மான்கள் குளத்துக்கு வரத்தான் செய்தன. கருமுகன் இப்போது கண்ணயர்வதே இல்லை. சருகு அசைந்தாலும் கத்துகிறது. ஆனால் அதன் குரல் கேட்டதும் மான்கள் உடனே ஓடுவதில்லை. உண்மைதானா என்று தாங்களே ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஓடுகின்றன. அந்த ஒரு நொடியில் எந்த மான் பின்தங்கி மாட்டிக்கொள்ளுமோ என்று ஒவ்வொரு முறையும் கருமுகன் பதறிச் சாகிறது.

நம்மை நம்பியிருப்பவருக்கு ஆபத்து வரும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது நடுநிலை ஆகாது, அது எதிரிக்குச் செய்யும் உதவியே ஆகும்.